சிந்து நதிக்கரையில் பிறந்தவனுக்கு எதற்கு நரகம்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)
சனி, இரவு 11.40

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘தெய்வீக நாடகம்’ காவியத்தில் ‘நரகம்’ பகுதியை ஒருவழியாக முடித்தேன். அவரே நரகத்துக்குள் நடந்து போய்ப் பார்க்கிற கதை. மொத்தம் 34 காண்டோ. (இனிமேல் படலம் என்றே எழுதுகிறேன். கம்பனில் பழகிய நாக்கு.) ராத்திரிக்கு ஒன்று, தூக்கம் வராவிட்டால் இரண்டு என்று ஒரு மாதம் இழுத்தது. இங்கே ஏற்கெனவே படித்தவர்கள் இருக்கிறீர்கள், அதனால் மனசை உறுத்துகிற விஷயத்தைக் கேட்டுவிடுகிறேன்.

நரக வாசலில் எழுதியிருப்பதில் ‘உள்ளே வருகிறவர்களே, நம்பிக்கை அனைத்தையும் விட்டுவிடுங்கள்’ என்ற கடைசி வரி ஊருக்கே தெரியும். அதற்கு மேலே உள்ள வரிகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. என்னைக் கட்டியவரைத் தூண்டியது நீதி, என்னை உண்டாக்கியது வல்லமையும் ஞானமும் ஆதி அன்பும் என்று அந்த வாசலே பேசுகிறது. நீதி, சரி. அன்புமா?

5ஆம் படலத்தில் பிரான்செஸ்கா. கணவனின் சகோதரன் பாவ்லோவோடு உட்கார்ந்து காதல் கதை படிக்கிறாள், கதையில் முத்தம் வருகிற இடத்தில் இவர்களும் முத்தமிடுகிறார்கள், கணவன் கையால் இரண்டு பேரும் சாகிறார்கள். இப்போது ஓயாத சூறைக்காற்றில் ஒட்டியபடியே அலைகிறார்கள். அவள் சொல்வதைக் கேட்ட தாந்தே மயங்கி விழுந்துவிடுகிறார். 20ஆம் படலத்தில் குறி சொல்லிப் பிழைத்தவர்கள். முன்னால் நடப்பதைப் பார்க்க ஆசைப்பட்ட பாவத்துக்குத் தலையை முதுகுப் பக்கம் திருகி வைத்திருக்கிறார்கள், அழுகிற கண்ணீர் முதுகு வழியாக வழிகிறது. தாந்தே பாறையில் சாய்ந்து அழுகிறார். வழிகாட்டியாகக் கூட வந்த பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலுக்குக் கோபம் வந்துவிடுகிறது. இங்கே இரக்கம் செத்தால்தான் உயிரோடிருக்கும் என்கிற மாதிரி ஒரு வரி சொல்லித் திட்டுகிறார்.

பாடம் நன்றாகவே ஏறியிருக்கிறது. 32இல் பனியில் கழுத்துவரை புதைந்த ஒருத்தனின் தலைமுடியைக் கொத்துக் கொத்தாகப் பிய்க்கிறார் தாந்தே. 33இல் அல்பெரிகோ என்ற துறவி கெஞ்சுகிறான். கண்ணீரே உறைந்து கண்ணை மூடிவிட்டது, எடுத்துவிடு என்கிறான். பெயரைச் சொல், எடுத்துவிடுகிறேன், இல்லையென்றால் நான் இந்தப் பனியின் அடிக்கே போகக்கடவது என்று சத்தியம் செய்கிறார் நம்ம ஆள். பெயர் தெரிந்ததும் எடுக்காமல் நடையைக் கட்டுகிறார். அவனிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டதே மரியாதைதான் என்று வேறு சொல்லிக்கொள்கிறார்.

மயங்கி விழுந்த மனுஷன் எங்கே, இந்த ஆள் எங்கே? பயணம் அவரைப் பக்குவப்படுத்தியதா, மரத்துப்போக வைத்ததா?

பாதி_படித்தவன்
ஞாயிறு, காலை 7.15

7ஆம் படலத்தோடு விட்டவன் நான். பெயரைப் பார்த்தாலே தெரியும்.

சின்ன வயதில் எங்கள் ஊர்த் திருவிழாவில் எமலோகப் படங்களை வரிசையாக மாட்டிவைத்துக் காசு வாங்குவார்கள். எண்ணெய்க் கொப்பரை, முள் மரம், நாக்கைப் பிடித்திழுக்கிற குறடு. அப்புறம் 2005இல் வந்த ஒரு படம் (பெயர் எதற்கு, எல்லோரும் பார்த்ததுதான்) கும்பிபாகத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த ருசியோடு தாந்தேயிடம் போனால் காற்று, மழை, சேறு என்று வானிலை அறிக்கை வாசிக்கிறார். கொப்பரை எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இப்போது நீங்கள் பனி என்கிறீர்கள். நரகத்தில் பனியா?

வைகைக்கரை
ஞாயிறு, காலை 9.02

இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கொப்பரையும் வந்திருக்கும் தம்பி. 21ஆம் படலம். எண்ணெய்க்குப் பதில் கீல், அவ்வளவுதான். வெனிஸ் கப்பல் பட்டறையில் குளிர்காலத்தில் ஓட்டைக் கப்பலுக்குப் பூசுவதற்குக் காய்ச்சுவார்களே, அதுபோலக் கொதிக்கிறது என்று எழுதுகிறார். அதற்குள் கிடப்பவர்கள் பதவியை வைத்துக் காசு பார்த்தவர்கள். தலையை வெளியே நீட்டினால் பேய்கள் கொக்கியால் குத்துகின்றன, சமையற்காரன் கறித்துண்டை அமுக்குகிற மாதிரி.

பனி அடிமட்டத்தில். சாத்தான் இறக்கை அடிக்கிற காற்றில் ஏரியே உறைந்துகிடக்கிறது. அங்கே இருப்பவர்கள் துரோகிகள். ஆசையில் தவறினவன் மேலே, கோபத்தில் வெட்டினவன் நடுவில், ஏமாற்றினவன் அதற்கும் கீழே. நம்பினவனையே கழுத்தறுத்தவன் எல்லோருக்கும் அடியில்.

கோர்ட்_வாசல்
ஞாயிறு, பகல் 12.30

25 வருஷமாக கிரிமினல் பக்கம் வக்கீலாக இருக்கிறேன். தாந்தேயை ஒரு தீர்ப்புத் தொகுப்பு மாதிரிதான் படித்தேன், மன்னிக்கவும்.

முதலில் விசாரணை. 5ஆம் படலத்தில் நரகத்தின் நீதிபதி மினோஸ் உட்கார்ந்திருக்கிறான். வந்து நிற்கிற உயிர் தானாகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறது. அவன் வாலைத் தன் உடம்பில் எத்தனை சுற்று சுற்றிக்கொள்கிறானோ நரகத்தின் அத்தனையாவது வட்டத்துக்கு அனுப்பிவிடுவான். சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது, அப்பீல் கிடையவே கிடையாது. நம் கோர்ட்டில் குற்றம் நிரூபணமான பிறகும் ‘தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறாயா’ என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்கே எத்தனை பேர் அழுது பார்த்திருக்கிறேன். மினோஸ் அதைக் கேட்பதில்லை.

அப்புறம் தண்டனை. 28இல் பெர்த்ரான் தெ போர்ன் என்ற கவிஞன் வெட்டுண்ட தன் தலையை முடியைப் பிடித்து லாந்தர் மாதிரி தூக்கிக்கொண்டு வருகிறான். அப்பனையும் பிள்ளையையும் மூட்டிவிட்டுப் பிரித்தேன், அதனால் என் தலை உடம்பிலிருந்து பிரிந்தது, என்னிடத்தில் ‘கொன்ட்ராபாஸ்ஸோ’வைப் பாருங்கள் என்கிறான். செய்ததே திரும்பி வருவது. மொத்தக் காவியத்திலும் இந்தச் சொல் வருவது அந்த ஒரு இடத்தில்தான், அதுவும் ஒரு குற்றவாளியின் வாயில்.

வைகைக்கரை கேட்டதற்கு வருகிறேன். இதை எழுதியவரே தண்டிக்கப்பட்டவர் என்பதை மறந்துவிடக் கூடாது. தாந்தே 1300இல் தன் ஊரான ஃப்ளோரன்ஸ் நகர ஆட்சிக் குழுவில் இரண்டு மாதம் இருந்தார். அடுத்த வருஷம் எதிர்க் கட்சி நகரத்தைப் பிடித்தது. 1302 ஜனவரியில் தீர்ப்பு: 5,000 ஃப்ளோரின் அபராதம், இரண்டு வருஷம் நாடு கடத்தல், இனி எந்தப் பதவியும் கிடையாது. ஆள் ஆஜராகவில்லை. மார்ச்சில் அதை மாற்றி, கையில் அகப்பட்டால் உயிரோடு எரிக்க வேண்டும் என்றார்கள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? பதவியை வைத்துக் காசு பார்த்தது. கீல் கொப்பரையில் போட வேண்டிய அதே குற்றம்! அந்த இடத்தில் மட்டும் பேய்கள் தாந்தேயையும் கொக்கியால் குத்தப் பார்க்கின்றன, அவரும் வர்ஜிலும் தப்பி ஓட வேண்டியிருக்கிறது. தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஊர் திரும்பாமலே 1321இல் ரவென்னாவில் செத்துப்போனார். ஃப்ளோரன்ஸ் நகர மன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யத் தீர்மானம் போட்டது 2008இல். நம் ஊர் சிவில் கேஸ்கூட இவ்வளவு நாள் ஓடியதில்லை.

ஆகவே இந்த நரகம் தோற்றுப்போன கட்சிக்காரன் மனசுக்குள் கட்டிய மேல்முறையீட்டு நீதிமன்றம் என்பது என் கட்சி. 19ஆம் படலத்தில், பதவிகளை விற்ற போப் நிக்கோலாஸ் 3 பொந்துக்குள் தலைகீழாக நின்று பாதம் எரியக் கிடக்கிறார். காலடிச் சத்தம் கேட்டதும் ‘அதற்குள் வந்துவிட்டாயா போனிஃபாஸ்?’ என்கிறார். கதை நடப்பது 1300இல். போப் போனிஃபாஸ் 8 அப்போது உயிரோடு இருக்கிறார், இறந்தது 1303இல். தன்னை ஒழித்தவர்களுக்குப் பின்னால் நின்ற ஆளுக்கு முன்கூட்டியே சீட்டு போட்டுவைத்துவிட்டார் கவிஞர்.

பாதி_படித்தவன்
ஞாயிறு, பகல் 12.41

தத்கால் இல்லை, அட்வான்ஸ் புக்கிங்.

முத்துநகர்_செல்வி
ஞாயிறு, இரவு 8.20

வக்கீல் சார் சொல்வது பாதி சரி. பழிவாங்கல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் பக்கத்து அறைக் கதவைத் திறக்காமலே வீட்டைப் பார்த்துவிட்டேன் என்கிற மாதிரி.

நான் கத்தோலிக்கக் குடும்பம். கல்லறைத் திருநாளன்று பாட்டி எங்களைக் கூட்டிக்கொண்டு போய், உத்தரிக்கிற ஸ்தலத்து (மோட்சம் போகுமுன் பாவக் கறை தீர வேதனைப்படுகிற இடம்) ஆன்மாக்களுக்காக ஜெபிக்க வைப்பாள். எங்கள் சின்னக் குறிப்பிடம் என்ற வேதபாடப் புத்தகத்தில் ஒரு பாவத்தை மன்னிக்கத் தேவையானது மனஸ்தாபம், அதாவது செய்ததற்காக மனம் வருந்துவது, என்று படித்தது இப்போதும் நினைவிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இந்த அப்பன் மகன் கதையைப் பாருங்கள்.

அப்பன் குய்தோ தா மொந்தெஃபெல்த்ரோ. பெரிய தளபதி. வயசான காலத்தில் பிரான்சிஸ்கன் சபைத் துறவி ஆனவர். எதிரியின் கோட்டையை எப்படிப் பிடிக்கலாம் என்று போப் போனிஃபாஸ் யோசனை கேட்கிறார். பயப்படாதே, நீ செய்யப்போகிற பாவத்தை இப்போதே மன்னித்துவிட்டேன் என்கிறார். குய்தோ சொல்லிக்கொடுக்கிறார்: வாக்கை நீளமாகக் கொடு, காப்பாற்றுவதைக் குறைத்துக்கொள். அவர் செத்ததும் புனித பிரான்சிஸே ஆன்மாவை அழைத்துப்போக வருகிறார். அப்போது ஒரு பேய் குறுக்கே விழுந்து, வருந்தாதவனுக்கு மன்னிப்பு கிடையாது, ஒரு பாவத்தைச் செய்ய விரும்பிக்கொண்டே அதற்காக வருந்தவும் முடியாது, நான் தர்க்கம் படித்தவன் என்று உனக்குத் தெரியாதோ என்று கேட்டு இழுத்துப் போய்விடுகிறது. போப் கையால் வாங்கிய மன்னிப்பு செல்லாக்காசு ஆகிறது. 27ஆம் படலம்.

மகன் புவோன்கோந்தே. 1289இல் கம்பால்தினோ போரில் தொண்டையில் குத்துப்பட்டு, ரத்தம் ஒழுக ஓடிப்போய் ஓர் ஆற்றங்கரையில் விழுகிறான். மாதாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே உயிர் போகிறது. பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்க குரு இல்லை, நன்மை (நற்கருணை அப்பம்) கொடுக்க ஆள் இல்லை. ஆனால் அவன் இருப்பது உத்தரிக்கிற ஸ்தலத்தில். கொண்டுபோக வந்த பேய் தேவதூதனிடம் புலம்புகிறது: ஒரு சொட்டுக் கண்ணீருக்காக இவனை என்னிடமிருந்து பறிக்கிறாயே!

அந்தப் போரில் தாந்தேயும் இருந்தார், எதிர் அணியில். புவோன்கோந்தே அவருடைய எதிரி. பழிவாங்க எழுதியவர் அவனையும் ஒரு பொந்தில் தலைகீழாகச் சொருகியிருக்கலாமே, ஏன் அந்தக் கண்ணீரைக் கொடுத்தார்?

தாந்தேயிடம் எடை போடுவது செய்த காரியத்தை மட்டும் இல்லை. மனசு கடைசியாக எந்தப் பக்கம் திரும்பி நின்றது என்பதையும்தான். பிரான்செஸ்காவின் பேச்சைத் திரும்பப் படியுங்கள். அடுத்தடுத்து மூன்று பத்திகள் ‘காதல்’ என்று தொடங்கும். காதல் பிடித்தது, காதல் விடவில்லை, காதல் சாவுக்குக் கொண்டுவிட்டது. கடைசியில் பழி அந்தப் புத்தகத்துக்கும் அதை எழுதினவனுக்கும். நான் என்ற சொல்லுக்குச் செயல் எதுவும் இல்லை. அழகான பேச்சு, ஆனால் வருத்தம் இல்லை.

கோர்ட்_வாசல்
ஞாயிறு, இரவு 9.05

செல்வி அம்மா, அப்பன் மகன் ஜோடி எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் தோற்றேன்.

ஆனால் ஒரு குறுக்கு விசாரணை. அவள் பேசி முடிக்கிறவரை பாவ்லோ என்ன செய்துகொண்டிருக்கிறான்? ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் நின்று அழுகிறான். அந்தக் கண்ணீருக்கு என்ன கணக்கு? ஆற்றங்கரையில் விழுந்த ஒரு சொட்டு செல்லுபடியாகும், காற்றில் பறக்கிற கண்ணீர் செல்லாதா?

முத்துநகர்_செல்வி
ஞாயிறு, இரவு 9.30

சாவுக்கு முன்னால், சாவுக்குப் பின்னால் என்று கோடு இருக்கிறது என்பதுதான் வேதபாடப் பதில். அது உங்களுக்குப் போதாது என்று தெரியும். பாவ்லோ விஷயத்தில் எனக்கும் போதவில்லை. சொருகிய கத்திக்கும் செத்த நொடிக்கும் நடுவே அவனுக்கு ஒரு ‘ஆண்டவரே’ சொல்லக்கூட நேரம் கிடைத்திருக்காது.

பழையேடு
திங்கள், காலை 6.10

எல்லோரும் இத்தாலியிலேயே நிற்கிறீர்கள். பாரதத்தின் கடைசியில் சுவர்க்காரோகண பருவம் இருக்கிறதே. (வில்லிபுத்தூராரில் தேடாதீர்கள், அவர் போரோடு முடித்துவிடுவார்.)

தருமன் உடம்போடு சுவர்க்கம் போகிறான். போனதும் கண்ணில் படுவது சிம்மாசனத்தில் ஜொலிக்கிற துரியோதனன். தம்பிகளைக் காணோம். இவனோடு எனக்கு இருப்பு வேண்டாம், என் ஆட்களிடம் கொண்டுபோ என்கிறான். தேவதூதன் இருட்டு வழியில் கூட்டிப்போகிறான். நாற்றம், ஈ மொய்க்கிற பிணம், ரத்தச் சேறு. சகிக்காமல் திரும்பப் பார்க்கும்போது குரல்கள் கேட்கின்றன. ஒரு முகூர்த்தம் நில்லப்பா, உன் மேல் பட்டு வருகிற காற்றில் எங்கள் வேதனை குறைகிறது. நீங்கள் யார்? கர்ணன். பீமன். அர்ச்சுனன். திரௌபதி.

தருமன் தேவர்களையும் தர்மத்தையுமே நிந்திக்கிறான். தூதனைப் பார்த்து, நீ போய் அவர்களிடம் சொல், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்கிறான்.

வைகைக்கரை கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இந்த இடம்தான். தாந்தேக்கு வழிகாட்டி சொல்கிறார், இரக்கப்படாதே, நட. தருமனிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவன் நின்றுவிடுகிறான். பிறகு இந்திரன் வந்து எல்லாம் மாயை, துரோணரிடம் அசுவத்தாமன் விஷயத்தில் நீ செய்த வஞ்சனைக்கு இந்த வஞ்சனைக் காட்சி என்று கணக்கைச் சொல்கிறான். அதுவும் ஒரு கொன்ட்ராபாஸ்ஸோதான், வக்கீல் சார் குறித்துக்கொள்ளவும். பாவம் மிகுந்தவன் முதலில் சுவர்க்கத்தை அனுபவிப்பான், புண்ணியம் மிகுந்தவன் முதலில் நரகத்தைத் தாண்டுவான் என்றும் சொல்கிறான். ஆக நரகத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது. நம்மிடம் சித்திரவதைக்குப் பஞ்சமில்லை. கருட புராணம் படித்தால் தாந்தே சாது. ஆனால் கெடு உண்டு.

குறளில் நரகத்துக்கு வருகிற ஒரு சொல் ‘அளறு’. ‘ஒருமைச் செயலாற்றும் பேதை எழுமையும் தான்புக் கழுந்தும் அளறு.’ அளறு என்றால் சேறும்தான். வள்ளுவர் ஒருத்தரையும் கொப்பரையில் போடவில்லை, வழுக்கி உள்ளே போவதைச் சொன்னார். ‘தான்புக்கு’ என்பதைக் கவனியுங்கள், யாரும் தள்ளவில்லை.

அரங்கன்தெரு
திங்கள், காலை 8.45

அங்கேயே இருந்துகொள்கிறேன் என்றதும் திருக்கோஷ்டியூர் நினைவுக்கு வந்தது. மந்திரத்தை வெளியே சொன்னால் உனக்கு நரகம் என்று குரு சொல்லியும் ராமானுஜர் ஊரைக் கூட்டிச் சொன்னார். இத்தனை பேர் கரையேறினால் நான் ஒருவன் போகிறேன் என்றாராம். குருபரம்பரைக் கதை. வேறொன்றும் சேர்க்கவில்லை, நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும்.

முத்துநகர்_செல்வி
திங்கள், காலை 9.10

கெடு உள்ள நரகத்துக்கு எங்களிடம் பெயர் உத்தரிக்கிற ஸ்தலம். அதனால்தான் வைகைக்கரை, தயவுசெய்து முதல் பகுதியோடு நிறுத்தாதீர்கள். உத்தரிக்கிற ஸ்தலம், மோட்சம் என்று இன்னும் இரண்டு பகுதி, மீதி 66 படலம் இருக்கிறது. மோட்சத்தில் 19க்குப் போனதும் இங்கே வந்து எழுதுங்கள். இப்போது சொல்ல மாட்டேன்.

வைகைக்கரை
(ஏழு வாரம் கழித்து) வெள்ளி, இரவு 12.25

செல்வி அக்கா, வந்துவிட்டேன்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீதிமான்களாக ஆண்ட ராஜாக்களின் ஆன்மாக்கள் சேர்ந்து வானத்தில் ஒரு கழுகு வடிவமாகி நிற்கின்றன. அத்தனை பேரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். தாந்தேக்குள் வெகுநாளாகப் பசித்துக் கிடந்த ஒரு கேள்வியைக் கழுகே எடுத்துச் சொல்கிறது: சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான். அங்கே கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல, படிக்க, எழுத ஆளில்லை. அவன் எண்ணமும் செயலும் நல்லவை, பேச்சிலும் வாழ்க்கையிலும் பாவமில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் சாகிறான். அவனைத் தண்டிக்கிற நீதி எங்கே இருக்கிறது? அவன் குற்றம்தான் என்ன?

ராத்திரி 12 மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 700 வருஷத்துக்கு முன்னால், ஊரை விட்டு விரட்டப்பட்ட ஒருத்தர், இந்தப் பக்கத்து மனுஷனை நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

பதில்தான் ஏமாற்றம். ஒரு சாண் தூரம் பார்க்கிற கண்ணை வைத்துக்கொண்டு ஆயிரம் மைல் தள்ளித் தீர்ப்புச் சொல்ல உட்கார நீ யார் என்று அதட்டுகிறது கழுகு. ஆனால் உடனேயே கொஞ்சம் இறங்கி வருகிறது. ‘கிறிஸ்துவே, கிறிஸ்துவே’ என்று கத்துகிற பலர் தீர்ப்பு நாளில், அவரை அறியாதவனைவிட அவருக்குத் தூரமாக நிற்பார்கள் என்கிறது. அடுத்த படலத்தில் கழுகின் புருவத்தில் யார் யார் என்று பட்டியல் வருகிறது. அதில் யூதரோ கிறிஸ்தவரோ அல்லாத இருவர். ஒருத்தர் ரோமப் பேரரசர் டிராஜன். இன்னொருவன் ரிஃபேயஸ், டிராய் நகரத்துக்காரன். தாந்தேயே வியந்துபோகிறார்.

கோர்ட்_வாசல்
வெள்ளி, காலை 7.00

அதாவது கேள்வியைத் தள்ளுபடி செய்துவிட்டு, இரண்டு பேருக்கு மட்டும் விடுதலை. காரணம் சொல்லாத ஆணை இல்லை, காரணமும் சொல்கிறது. ஆனால் சிந்து நதிக்கரைக்காரன் பெயர் அதில் இல்லை. வழக்கு நிலுவையில்.

முத்துநகர்_செல்வி
வெள்ளி, காலை 10.15

ரிஃபேயஸ் யார் என்று பார்த்தீர்களா வக்கீல் சார்? வர்ஜிலின் காவியத்தில் டிராய் எரிகிற ராத்திரியில் சாகிற ஒரு சின்னப் பாத்திரம். டிராய்க்காரர்களில் அவனைப்போல நியாயவான் இல்லை என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தாந்தே அவனை மோட்சத்தில் வைத்துவிட்டார்.

அவனைப் படைத்த வர்ஜிலோ லிம்போவில், ஞானஸ்நானம் பெறாத நல்லவர்கள் கிடக்கிற நரகத்தின் முதல் வட்டத்தில். நரகம் முழுக்கத் தாந்தேயைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தவர், பேய் துரத்தும்போது அம்மா பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு ஓடியவர். உத்தரிக்கிற ஸ்தலத்தின் 30ஆம் படலத்தில் தாந்தே திரும்பிப் பார்க்கிறார், ஆள் இல்லை. போய்விட்டார். தாந்தே அழுகிறார். அங்கே இரக்கப்படாதே என்று அதட்ட யாருமில்லை. வர்ஜிலுக்காக அழாதே, அழ வேறு காரணம் வரும் என்று மட்டும் பெயத்ரிஸ், தாந்தே காதலித்து இளமையிலேயே இறந்துபோனவள், சொல்கிறாள்.

வைகைக்கரை
வெள்ளி, காலை 10.40

மரத்துப்போகவில்லை, சரி. அந்தக் கண்ணீரை நான் படித்தேன், அப்போது என் கேள்வியோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

பாதி_படித்தவன்
வெள்ளி, இரவு 9.50

இரண்டு மாதமாக உங்கள் எல்லோரையும் படித்துவிட்டு நேற்று புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். 7ஆம் படலக் கடைசியில் கோபக்காரர்கள் சேற்றில் கிடந்து ஒருவரையொருவர் கடித்துக்கொள்கிறார்கள். பழையேடு ஐயா சொன்ன அளறு. 8இல் என்ன வரும்?

பழையேடு
சனி, காலை 5.55

ஒரு படகு வரும். தாந்தேயும் வர்ஜிலும் ஏறிக்கொள்வார்கள். பாதி வழியில் சேறு பூசிய ஒருத்தன் எழுந்து, அழுகிற ஒருவன் நான் என்று சொல்லி, படகுப் பக்கம் கையை நீட்டுவான். தாந்தே என்ன செய்கிறார், வர்ஜில் என்ன செய்கிறார் என்று படித்துவிட்டு, நீங்கள் படகில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள் தம்பி.

பாதி_படித்தவன்
சனி, இரவு 11.58

படித்தேன். அந்த ஆளை அடையாளம் தெரிந்துகொண்டு தாந்தே திட்டுகிறார், வர்ஜில் கையைத் தட்டிவிட்டுத் தாந்தேயைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிறார். அவனை இன்னும் நன்றாக முக்குவதைப் பார்க்க வேண்டும் என்று தாந்தே ஆசைப்படுகிறார், அதுவும் நடக்கிறது.

நான் தூக்கியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். படகு சின்னது. ஆனால் அந்த முத்தத்தை வாங்கிக்கொண்டிருப்பேனா என்று தெரியவில்லை. நாளைக்கு 9.